“நீ உன் வேலையைப் பாருடா” என்றான், குடித்திருக்கிறான் என்று நினைத்துவிட்டேன். வெயில் தாக்கிய பிறகு நடை சரியாகுமா?

தட்டோடு_மேஸ்திரி | மே 22, இரவு 9.40

வணக்கம். சென்னையில் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை பக்கம் மொட்டை மாடியில் தட்டோடு பதிக்கிற வேலை எடுத்துச் செய்கிறேன். வீட்டுக்குள் சூடு இறங்கக் கூடாது என்றுதான் தட்டோடு போடுகிறார்கள். போடுகிறவன் தலையில் இறங்குகிற சூட்டை இருபது வருஷமாக நான் யோசித்ததே இல்லை.

இந்த மாதம் 9ஆம் தேதி. என்னிடம் 6 வருஷமாக இருக்கிற பையன், வயது 26. குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போய் 3 வாரம் இருந்துவிட்டு, முதல் நாள்தான் வேலைக்குத் திரும்பியிருந்தான். பதினொன்றரைக்கு “தலை வலிக்குதுண்ணே” என்றான். டீ குடித்துவிட்டு வா என்றேன். பன்னிரண்டேகாலுக்குப் பார்த்தால், பதித்துக்கொண்டிருந்த வரிசையை விட்டுவிட்டு, கலவையே போடாத இடத்தில் ஓட்டை வைத்து வைத்துக் கட்டையால் தட்டிக்கொண்டிருக்கிறான். “என்னடா பண்றே?” என்றதற்கு “நீ உன் வேலையைப் பாருடா” என்றான். ஆறு வருஷத்தில் “அண்ணே” தவிர வேறு வார்த்தை அவன் வாயில் வந்ததில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. காலையிலேயே குடித்துவிட்டான் போல என்று நினைத்து, ஓரமாகப் போய் உட்கார் என்று திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வெயில் தாக்கினால் வியர்வை நின்றுபோகும் என்று எங்கேயோ கேட்டு வைத்திருந்ததால், அந்த எண்ணமே எனக்கு வரவில்லை.

பத்து நிமிடத்தில் சித்தாள் கத்தினார். போய்ப் பார்த்தால் கைகால் வெட்டி வெட்டி இழுக்கிறது. யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நான் வாயில் தண்ணீர் ஊற்றினேன். மூன்று மாடி தூக்கி இறக்கி, ஆட்டோ பிடித்து, பக்கத்தில் ஒரு கிளினிக். நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்து 101 என்றார்கள். காய்ச்சல் ஊசி, டிரிப்ஸ். மறுபடி இழுப்பு வந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே சேர்க்கும்போது மணி 2. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்கள், 106.5.

அன்று ராத்திரியே டியூபில் இறங்கிய சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. அது கொஞ்சம் தெளிந்தது என்று மூச்சு விட்டால், மூன்றாம் நாள் கல்லீரல் டெஸ்ட் தாறுமாறாக ஏறியது. 11 நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது பேச்சு கொழகொழக்கிறது. காலை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்து நடக்கிறான். டீ டம்ளரை எடுக்கப் போனால் கை டம்ளரைத் தாண்டிப் போகிறது. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள். இது சரியாகுமா? மறுபடி சாரத்தில் ஏற முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வில்லிவாக்கம்_பெரியவர் | மே 22, இரவு 10.15

பையன் நலமாக வேண்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அப்பா கத்திரியில் வெறுங்காலோடு ஏர் ஓட்டினவர். பழைய சோறும் மோரும்தான். எந்த ஸ்ட்ரோக்கும் வந்ததில்லை. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு உடம்பில் சத்து இல்லை.


ஐசியூ_அக்கா | மே 22, இரவு 11.50

நைட் டியூட்டிக்கு நடுவே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி அண்ணன், “குடிச்சிருக்கான்னு நினைச்சோம்” என்று சொல்லிக்கொண்டு ஆளைத் தூக்கி வந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியதில் முக்கியமான அடையாளம் 106.5 இல்லை. “அண்ணே” என்று கூப்பிடுகிறவன் “டா” போட்டானே, அதுதான். உள்சூடு 104க்கு மேல் போய், கூடவே மூளை தடுமாறினால் ஹீட் ஸ்ட்ரோக். உளறல், எரிச்சல், சம்பந்தமில்லாத வேலை, தள்ளாட்டம், இழுப்பு, மயக்கம், எல்லாம் அந்தத் தடுமாற்றம்தான். வெறும் களைப்பும் தலைவலியும் வாந்தியுமாக, பேச்சுத் தெளிவாக இருந்தால் அது அதற்கு முந்தின படி.

வியர்வை நிற்பது பெரும்பாலும் வயதானவர்களுக்கு. வீட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று நாள் வெந்து, தோல் காய்ந்து கிடப்பார்கள். உழைக்கிறவர்களுக்கு வியர்வை ஓடிக்கொண்டிருக்கும்போதே வரும். ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூட்டை இழுத்துக்கொண்டு போகும். சொட்டி விழுந்தால் எதையும் கொண்டுபோகாது. நம் ஊர்க் காற்றில் கொடியில் போட்ட துணியே சில நாள் காய்வதில்லை, சட்டைக்குள் வியர்வை எப்படிக் காயும்?

உள்ளே நடந்தது என்ன என்று பார்ப்போம். சூட்டை வெளியேற்ற உடம்பு ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பும். வேலை செய்கிற தசையும் கேட்கும். பறிகொடுப்பது குடல். ரத்தம் குறைந்து குடல்சுவர் கசிய ஆரம்பித்தால், உள்ளே கிடக்கிற பாக்டீரியாவின் நச்சு ரத்தத்தில் இறங்கிவிடும். அதனால்தான் சூட்டை இறக்கிய பிறகும் உடம்பு, கிருமித் தொற்று முற்றிய நோயாளி மாதிரி நடந்துகொள்ளும். ரத்தம் உறைகிற ஒழுங்கு கெடும். சின்னக் குழாய்களில் தேவையில்லாமல் உறையும், ஊசி குத்தின இடத்தில் நிற்காது. தசை நார் உடைந்து அதன் சிவப்புச் சத்து, மயோகுளோபின், சிறுநீரகத்தில் போய் அடைக்கும். அந்த டிகாக்ஷன் நிறம் அதுதான். கல்லீரல் அடி வாங்கினது உடனே தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் டெஸ்டில் உச்சத்துக்குப் போகும். “நல்லாத்தானே பேசுறான், ஏன் டிஸ்சார்ஜ் பண்ண மாட்டேங்கிறீங்க” என்று சண்டை போடுகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில் இது.

நடைக்கு வருகிறேன். பின்மண்டையில் சிறுமூளை. அதில் பர்க்கின்ஜி செல்கள் என்று ஒரு வகை, சூட்டுக்கு ரொம்பவே நொறுங்கும். கை எவ்வளவு தூரம் போக வேண்டும், கால் எங்கே இறங்க வேண்டும், நாக்கு எந்தக் கணக்கில் புரள வேண்டும் என்று அளந்து கொடுப்பது சிறுமூளை. டம்ளரைத் தாண்டிப் போகிற கை அந்த அளவு தப்பினதால்தான். பலருக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தேறும். சிலருக்குக் கொஞ்சம் நின்றுவிடும். எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்ல முடியாது. பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள்.

ஒரு கேள்வி. மாடியில் தண்ணீர் இருந்ததா?


தட்டோடு_மேஸ்திரி | மே 23, காலை 6.05

இருந்தது அக்கா. ஓட்டை ஊறப்போட 200 லிட்டர் டிரம். அதைச் சுற்றிக்கொண்டுதான் அவனைத் தூக்கிப் போனோம்.


ஐசியூ_அக்கா | மே 23, காலை 8.30

நினைத்தேன்.

இனிமேல் யாருக்கு வந்தாலும், முதலில் குளிர வையுங்கள், பிறகு தூக்குங்கள். உடம்பு எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் கிடக்கிறது என்பதுதான் சேதத்தைத் தீர்மானிக்கிறது. அரை மணி நேரத்துக்குள் 102 பக்கம் இறக்கிவிட்டால் பிழைப்பதும் பழையபடி ஆவதும் ரொம்பக் கூடும். 108க்கு ஒருவர் போன் போட, மற்றவர்கள் சட்டையைக் கழற்றி, நிழலில் போட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றி விசிற வேண்டும். அட்டை, சாந்துச் சட்டி, எது கிடைத்தாலும் சரி. ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. வாலிபப் பையன்கள் என்றால் டிரம்மிலேயே கழுத்து வரை உட்கார வைத்து, தலை சாயாமல் ஒருவர் அக்குளைப் பிடித்துக்கொள்ளலாம்.

நினைவு தப்பினவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவிக்கொத்தைப் பற்றி நான் என்ன சொல்ல. பூட்டைத் திறக்கத்தான் உதவும்.

காய்ச்சல் மாத்திரையும் வேலை செய்யாது. ஏசி ரிமோட்டை வைத்துச் சொல்கிறேன். காய்ச்சலில் கிருமியைக் கொல்ல மூளையே ரிமோட்டில் எண்ணை ஏற்றி வைக்கிறது. பாராசிட்டமால் அந்த எண்ணை இறக்கும். வெயிலில் ரிமோட் எண் மாறவே இல்லை, மிஷின்தான் இழுக்க முடியாமல் திணறுகிறது. ரிமோட்டை அழுத்தி என்ன பயன்? ஏற்கெனவே அடிவாங்கின கல்லீரலுக்குக் கூடுதல் சுமை வேறு.

நெற்றியில் காட்டிய 101ஐயும் நம்பாதீர்கள். வழியெல்லாம் தலையில் தண்ணீர் ஊற்றி வந்திருப்பீர்கள், நெற்றி குளிர்ந்திருக்கும்.


அம்பத்தூர்_ஆறுமாடி | மே 23, காலை 9.12

அக்கா சொல்வது சரி, ஆனால் மே மாசம் மொட்டை மாடி டிரம் தண்ணீர் வெந்நீராச்சே! எங்கள் சின்டெக்ஸ் தண்ணீரில் மதியம் கை கழுவினாலே கை சுடுகிறது.


ஐசியூ_அக்கா | மே 23, காலை 9.40

நல்ல கேள்வி. சுடுகிற தண்ணீர் வேண்டாம். கீழே சம்ப்பிலிருந்து பக்கெட்டில் ஏற்றுங்கள், அது பாதாளத்தில் இருப்பதால் எப்போதும் குளிர்ச்சி. ஐஸ் தண்ணீராக இருந்தால் இன்னும் வேகம். வேறு வழியே இல்லை, கை பொறுக்கிற தண்ணீர்தான் என்றாலும் ஊற்றி விசிறினால் ஆவியாகும்போது சூட்டை எடுக்கும். ஐஸ் வரட்டும் என்று சும்மா நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.


மேகம்_பார்ப்பவன் | மே 23, பகல் 1.20

வில்லிவாக்கம் பெரியவருக்கு. அப்பா காலத்திலும் வெயில் இருந்தது ஐயா, மறுக்கவில்லை. நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்சம் 2003 மே 31 அன்று, 45 டிகிரி. ஆனால் மேஸ்திரி சொன்ன சம்பவத்துக்கு 45 தேவையில்லை. வானிலை மையம் காட்டுவது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்த வெப்பமானியின் கணக்கு. தளத்திலிருந்து மேலே அடிக்கிற அனல் அதில் வராது.

கடலோரத்தில் வெப்ப அலை என்று சொல்ல, 37 டிகிரியாவது தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். சென்னையில் மே மாசத்தில் வழக்கமே 37ஐ ஒட்டித்தான். அதனால் 39 அடித்தாலும் அறிவிப்பு வராமல் போகலாம். செய்தியில் ஒன்றும் சொல்லவில்லையே என்று மாடி ஏறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் கடல்காற்று. நடுப்பகலை ஒட்டி அது உள்ளே வந்தால் பெசன்ட் நகர்க்காரர் தப்பித்தார். அம்பத்தூருக்குப் போய்ச் சேர நேரமாகும். மேற்குக் காற்று பலமாக இருக்கிற நாளில் சாயங்காலம் வரை வாசலிலேயே நிற்கும். கடல்காற்று வந்தால் வெப்பம் இறங்கும், ஆனால் ஈரம் ஏறும். “காத்து வந்துடுச்சு” என்று நிம்மதியாக மறுபடி மண்வெட்டியைத் தூக்குகிறவனுக்கு வியர்வை காயாது.

கத்திரி முடிந்தால் தப்பித்தோம் என்பதும் இல்லை. 2024 அக்டோபர் 6, மெரினாவில் விமானப் படை சாகசம். அது ஐப்பசிகூடப் பிறக்காத புரட்டாசி. கூட்டத்திலும் வெயிலிலும் சிக்கி 5 பேர் இறந்தார்கள்.


டெலிவரி_மச்சான் | மே 23, மாலை 4.50

அந்த அக்டோபர் நான் பீச் ரோட்டில் இருந்தேன், பேச விரும்பவில்லை.

ஹெல்மெட்டுக்குள் தலை வேகும்போது பைக் ஓட்டினால் காற்று அடிக்கும் என்பார்கள். 2 மணிக்கு ஓட்டிப் பாருங்கள், ஹேர் டிரையர். தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். எங்கே போய் ஒதுங்குவது என்று சொல்ல மாட்டார்கள். நானாவது சுவரைப் பார்த்து நிற்பேன். என் அக்கா துணிக்கடையில் வேலை செய்கிறாள், டாய்லெட்டுக்குக் கீழே இறங்கி ஏற வேண்டும் என்று காலையிலிருந்து ஒரு மடக்குகூடக் குடிக்க மாட்டாள்.


எண்ணூர்_சேஃப்டி | மே 23, இரவு 9.05

தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசராக இருக்கிறேன். மேஸ்திரியின் பதிவில் எல்லோரும் தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது: “3 வாரம் ஊரில் இருந்துவிட்டு முதல் நாள்தான் திரும்பியிருந்தான்.”

வெயிலுக்கு உடம்பு பழகும், பெரியவர் சொன்னது அந்த அளவில் உண்மை. ஒன்று, இரண்டு வாரம் தினமும் வெயிலில் உழைத்தால் வியர்வை சீக்கிரமே ஆரம்பிக்கும், அதிகமாக வரும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் அளவும் கூடும். அவருடைய அப்பா சித்திரை முழுக்க வயலில் நின்றே பழகியவர். ஆனால் இது சேர்த்து வைக்கிற சொத்து இல்லை. சில வாரம் விலகி இருந்தாலே கரைந்துவிடும். உங்கள் பையன் 6 வருஷ அனுபவசாலி என்று நீங்கள் நினைத்தீர்கள். அன்றைக்கு அவன் உடம்பு புதுசாக வேலைக்கு வந்த ஆள்.

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா சொல்வது: வெயிலில் வேலை செய்து இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் நாளிலேயே, 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள். அதனால் புது ஆளுக்கு முதல் நாள் 20 சதவீத வேலைதான், பிறகு நாளுக்கு 20 ஏற்ற வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள். விட்டுத் திரும்பிய பழைய ஆளுக்கு 50, 60, 80, 100. நான் இதை எங்கள் கான்ட்ராக்டர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். “ஊர்லருந்து வந்தவனுக்கு மறுநாளும் லீவா சார்?”


கணக்குப்பிள்ளை_பொண்ணு | மே 23, இரவு 10.20

மேஸ்திரி சார், கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு யார் கொடுத்தது? அவருக்கு இந்த மாசக் கூலி?


தட்டோடு_மேஸ்திரி | மே 23, இரவு 11.30

கேட்க வேண்டிய கேள்விதான்மா. செலவில் முக்கால்வாசி நான், கொஞ்சம் அவன் மாமனார். வீட்டுக்காரர் ஒரு தடவை வந்து ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனார். கூலி முதல் வாரம் மட்டும் கொடுத்தேன்.

சதுர அடிக் கணக்கில்தான் எனக்குக் காசு. ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம் என்று அவர் அவசரப்படுத்தினார், அதை நான் இவன் தலையில் வைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது.


கணக்குப்பிள்ளை_பொண்ணு | மே 24, காலை 7.15

சரி. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் உண்டு. பிழைத்தவருக்கு அது பொருந்தாது. ஆனால் வேலையால் வந்த பாதிப்புக்கு வேலை கொடுத்தவர் ஈடு தர வேண்டும் என்று 1923லிருந்தே சட்டம் இருக்கிறது, அது உங்களைத்தான் குறிக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மற்ற ஆட்களுக்காவது பதிந்துவிடுங்கள்.


மந்தைவெளி_மருமகள் | மே 24, காலை 11.00

என் மாமியாருக்கு வயது 78, மேல் மாடி, போன வருஷம் இரண்டு ராத்திரி கரண்ட் இல்லை. காலையில் எழுப்பினால் “யாரு நீ?” என்றார். தோல் காகிதம் மாதிரி, ஒரு பொட்டு வியர்வை இல்லை. பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை எடுப்பவர். பக்கத்து வீட்டு மாமி விளக்கெண்ணெயும் சின்ன வெங்காயமுமாக ஓடி வந்தார். நல்லவேளை, என் பையன் பாத்ரூமிலிருந்து ஹேண்ட் ஷவரை இழுத்தான். அக்கா, அந்த மாத்திரையை வெயில் காலத்தில் நிறுத்தலாமா?


ஐசியூ_அக்கா | மே 24, பகல் 12.10

நீங்களாக நிறுத்தாதீர்கள். கத்திரிக்கு முன்பே டாக்டரிடம் போய்க் கேளுங்கள், அளவை மாற்றலாமா என்று அவர் பார்ப்பார். மனநல மாத்திரை, சளி மாத்திரையில் சில, வியர்வையைக் குறைக்கும். பிரஷருக்கான சில மாத்திரைகள் இதயம் வேகமாகத் துடிக்க விடாது. உங்கள் பையன் செய்ததுதான் வைத்தியம். வெங்காயத்தைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மோர், பழைய சோற்றுத் தண்ணீர், இளநீர் எல்லாம் முன்கூட்டிக் குடிக்க நல்லது. நாள் முழுக்க வியர்க்கிறவர்கள் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி அதுவே மயக்கத்தில் தள்ளும், நடுவில் ஓஆர்எஸ் சேர்க்க வேண்டும். ஆனால் மோர் குடித்தவனுக்கு ஹீட் ஸ்ட்ரோக் வராது என்று நினைக்காதீர்கள். குடித்த மோர் வியர்வையாகி, அது காயாவிட்டால் என்ன செய்வது?


நடை_பயிற்சியாளர் | மே 25, இரவு 8.45

பிசியோதெரபிஸ்ட். தரையில் சாக்பீஸ் கோடு போட்டு நடக்க வையுங்கள், பக்கத்தில் ஆள் நிற்கட்டும். டம்ளர் எடுப்பதற்குக் கனமான எவர்சில்வர் டம்ளரில் தொடங்குங்கள், கனம் இருந்தால் கை ஆட்டம் குறையும். சாரத்தைப் பற்றி இந்த வருஷம் பேச்சே வேண்டாம். சிறுநீரகமும் கல்லீரலும் டெஸ்டில் சரியாகி, டாக்டர் சொன்ன பிறகுதான் வேலை, அதுவும் நிழலில், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு தடவை வந்தவர் உடம்பு கொஞ்ச நாளைக்குச் சூட்டைச் சரியாகத் தாங்காது.


தட்டோடு_மேஸ்திரி | ஜூன் 21, இரவு 9.10

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான். திரும்பும்போது மட்டும் ஒரு தடுமாற்றம். நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். தூக்குக்குண்டையும் நூலையும் கையில் கொடுத்தேன். மூன்றாவது தடவை ஓட்டையில் நூலைக் கோர்த்துவிட்டான். பேச்சில் ‘ழ’வும் ‘ர’வும் இன்னும் சிக்குகிறது. நடந்தது ஒன்றும் ஞாபகமில்லை. ஆனால் சித்தாள் சொல்லியிருக்கிறார் போல. “உங்கள டா போட்டுப் பேசினேனாண்ணே?” என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

வேலை நேரத்தை 6லிருந்து 11 என்று மாற்றிவிட்டேன், மீதி சாயங்காலம். இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். ஓடு ஊறுகிற டிரம் தனி. இன்னொன்று படிக்கட்டு நிழலில், சம்ப் தண்ணீர். அதில் யாரும் கை கழுவக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், கழுவத்தான் கழுவுகிறார்கள்.


ஐசியூ_அக்கா | ஜூன் 21, இரவு 11.35

சந்தோஷம் அண்ணன். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் அடுத்த டெஸ்ட் என்றைக்கு?


தட்டோடு_மேஸ்திரி | ஜூன் 22, காலை 5.40

திங்கட்கிழமை. நானே கூட்டிப் போகிறேன்.